ஊரில எவடம் என்று கேட்ட டொக்டர்

கொழும்பில் எங்கள் தொடர்மாடியின் வாட்ஸப் குழுவில் யாராவது அடிக்கடி கேட்பார்கள்: "நாய்க்கு நல்ல டொக்டர் ஆர்?" கேட்ட கையோடு பதில்கள் வரும். ஒருவர் ஒரு பெயரைப் போட்டு, பக்கத்தில் "எங்கட ஆள்" என்று எழுதி, கும்பிடுகிற படமும் வைப்பார். அந்த இரண்டு சொல்லைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனால் நான் அங்கே ஒன்றும் எழுதுவதில்லை. எழுதினால் என் கணவருக்கு மனம் நோகும், அவர் மனம் நோகாமல் நடந்து நடந்துதான் இந்தக் கதையே வந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒருவருடைய பெயரும் போட மாட்டேன். நாயின் பெயரையும் போட மாட்டேன், போட்டால் மேற்கொண்டு எழுத முடியாது.

நாய் கொட்டாஞ்சேனையில் பிறந்தது. நானும் அங்கேதான் பிறந்தேன். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். அந்த வீட்டில் இப்போது அக்காவும் அவளுடைய பூனைகளும் இருக்கிறார்கள். அவள் வீட்டுச் சின்ன ஒழுங்கையில் நின்ற ஒரு பழைய லொறிக்குக் கீழே தெரு நாயொன்று குட்டி போட்டது. அந்த வருடத்து மழையில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் போய்விட்டன. தப்பியதை அக்கா பிஸ்கட் பெட்டியில் வைத்து என்னிடம் தந்தாள். "உன் மகளும் மெல்பனுக்குப் போயிட்டா. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு என்ன செய்யப் போறீங்க" என்றாள். மண் நிறக் குட்டி. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது எப்போதும் மடிந்தே கிடக்கும். பெட்டைக் குட்டி என்பதால் ஒழுங்கையில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

என் கணவர் வடக்கே பருத்தித்துறைப் பக்கம். முதல் நாள் "மாடி பிளட்டில நாயோ" என்று முகத்தைச் சுளித்தார். அடுத்த கிழமை அது அவருடைய காலில் தலையை வைத்துப் படுத்திருந்தபோது, எழும்பினால் அதன் நித்திரை குழம்பும் என்று சொல்லி, அடித்துக்கொண்டிருந்த போனை எடுக்க என்னைக் கூப்பிட்டார். வீட்டில் தமிழைத் தவிர வேறொன்றும் கதையாத மனிதர், நாயோடு மட்டும் இங்கிலீஷ்தான். "கம்." "சிட்." "டோன்ட் டூ தட்." எங்கள் ஆட்களில் நாய் வளர்க்கிற பலர் இப்படித்தான். ஏனென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குட்டிக்கு முதல் ஊசிகள் போட்டது தெஹிவளையில். அக்காதான் அந்த இடத்தைச் சொன்னாள். ஒரு சிங்களப் பெண் டொக்டர், நடுத்தர வயது, சிரிக்கவே மாட்டார். வெளியே போட்ட நீட்டு வாங்குப் பலகையில் வரிசையாக இருக்கவேண்டும். முறை வந்ததும் அவர் எங்களைப் பார்க்காமல் நாயைத் தூக்கி மேசையில் வைப்பார். பல்லைப் பார்ப்பார், காதுக்குள் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார், வயிற்றை அமத்துவார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களிடம் கேள்வி, அதுவும் விறுவிறென்று சிங்களத்தில். என்ன சாப்பாடு, எத்தனை முறை, மலம் எப்படி, எங்கே படுக்கிறது. கோழி எலும்பு கொடுப்பதாக என் கணவர் சொன்னபோது அவருக்குக் கிடைத்த ஏச்சை வாங்கில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். நாயிடம் மட்டும் குரல் தணியும். "ஹொந்த கெல்ல" என்பார். நல்ல பெட்டைப் பிள்ளை என்று அர்த்தம்.

எங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருந்ததில்லை. நாயின் பெயரைச் சொல்லி, அதன் அம்மா வாருங்கள் என்று கூப்பிடுவார். எனக்கு அது பிடித்திருந்தது. கணவருக்குப் பிடிக்கவில்லை.

"மனுசி பொலிஸில விசாரிக்கிற மாதிரியெல்லோ விசாரிக்கிறா" என்றார்.

அவர் சொன்னதை நான் லேசாக எடுக்க மாட்டேன். இந்த நகரத்தில் அவர் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று, தேவையான சிங்களச் சொல் வாய்க்கு வராமல் திண்டாடியிருக்கிறார். சண்டை நடந்த வருடங்களில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற காலம் வேறு இருக்கிறது. நான் கொட்டாஞ்சேனைக்காரி, தெருவிலேயே சிங்களம் பழகினேன். அவருக்கு அது முப்பது வருடமாகியும் இரவல் சட்டைதான். நாய்க்கு நோய், வருத்தம் என்று சொல்லப்போன இடத்திலும் நாக்கு இடறினால் மனிதருக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும்.

நாய்க்கு ஒரு வயது நெருங்கும்போது தெஹிவளை டொக்டர் ஓப்பரேஷன் செய்யச் சொன்னார். குட்டி போடாமல் செய்கிற ஓப்பரேஷன். செய்யாவிட்டால் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் வருத்தம் வரலாம், யோசித்து முடிவைச் சொல்லுங்கள் என்றார். கணவருக்கு மனமில்லை. "வடிவா விளங்கப்படுத்தக்கூடிய ஆள் ஒருத்தரிட்டக் கேட்டிட்டுச் செய்வம்" என்றார். அது நியாயமான பேச்சுத்தான். அப்படித்தான் நாங்கள் வெள்ளவத்தையில், எங்கள் பக்கத்திலேயே இருந்த தமிழ் டொக்டரிடம் போனோம்.

எங்கள் வீட்டிலிருந்து பெருந்தெருவான காலி வீதிக்கு ஏறுகிற ஒழுங்கையில், ஒரு பழைய வீட்டின் முன்னறையில் அவருடைய கிளினிக் இருந்தது. வெளியே தொங்கிய பலகையில் மூன்று மொழியும் உண்டு, தமிழ் முதலில். என் கணவர் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

டொக்டர் அறுபதைத் தாண்டியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு, சிரித்த முகம். "வாங்கோ வாங்கோ, இருங்கோ" என்று எழும்பி நின்று வரவேற்றார். நாங்கள் இருந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ஊரில எவடம்?"

என் கணவரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவர் ஊரைச் சொன்னார். டொக்டர் எந்தப் பக்கம் என்று கேட்டார். கோயிலுக்கு மேற்காலே என்றார். அப்ப இன்னாருடைய வளவுக்குக் கிட்டவோ என்றார். அந்த இன்னார் என் கணவருடைய பெரியப்பாவாகவே போய்விட்டார். "அட, அவரிட்டையெல்லோ நான் கணக்குப் படிச்சனான்" என்று டொக்டர் தான் இருந்த கதிரையை முன்னுக்கு இழுத்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கிரிக்கெட் மெட்ச், செத்துப்போன வாத்திமார், கனடாவுக்குப் போனவர்கள், காணி விற்றவர்கள். நடுவில் மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

"மிஸிஸ் எவடம்?"

"கொட்டாஞ்சேனை."

"அது சரி, சொந்த ஊர்?"

"அதுதான் சொந்த ஊர்."

"ஓ" என்றார். பிறகு கதிரை என் கணவர் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அது என் பக்கம் திரும்பியதாக எனக்கு ஞாபகமில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்த நாங்கள் இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். எங்கள் இரண்டு பேரையும் அவர் பார்க்கவில்லை.

நாயை ஏற்றி வைத்துப் பார்க்கிற மேசை ஒன்று இருந்தது. அதன் மேல் பழைய மாணவர் சங்க மலர்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. ஆகவே நாய் கீழேயே நின்றது. கணவர் அதைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ள, டொக்டர் இருந்த இடத்திலிருந்தே குனிந்து, "ஆளுக்கு வருசத்து ஊசிதானே" என்று கழுத்துத் தோலில் குத்திவிட்டு நிமிர்ந்தார். கதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

வெளியே வந்து காலி வீதியில் நின்றபோது கேட்டேன். "ஓப்பரேஷன் பத்தி கேட்டீங்களா?"

"அந்த நேரம் என்னண்டு கேக்கிறது. அடுத்தமுறை கேப்பம்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் கொழும்பில் அதிகம் கண்டதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடமும் ஊசிக்குப் போனோம். அதற்கு அடுத்தடுத்த வருடங்களிலும் போனோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் டொக்டருக்குப் பனம்பண்டங்கள், பனாட்டும் ஒடியல் மாவும் போகும். நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் போய்வந்தால் எங்களுக்கு ஒரு பொட்டலம் திருநீறு வரும். நாயை ஒரு முறைகூட மேசையில் ஏற்றவில்லை. ஓப்பரேஷன் கதை வரவேயில்லை. நான் ஒரு முறை வாயெடுத்தபோது வாசலில் இன்னொரு ஊர்க்காரர் வந்து நின்றார். நாய்க்கு ஒரு குறையும் இருக்கவில்லை, அதனால் டொக்டரிலும் ஒரு குறை தெரியவில்லை. சுகமாக இருக்கிற நாய்க்கு எந்த டொக்டரும் நல்ல டொக்டர்தான். அதை நான் விளங்கிக்கொள்ள வெகுகாலம் எடுத்தது.

போன வருடம் வெயில் கொடுமையாக இருந்தபோது நாய் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கோப்பையை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினால் வெறுமையாக இருக்கும். ஒருநாளும் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காத நாய், விறாந்தைக்குப் போக முன்னரே குசினி வாசலில் விட்டுவிட்டு, எங்களைப் பார்க்க வெட்கப்பட்டு மேசைக்குக் கீழே போய்ப் படுத்தது. சோற்றை மணந்துவிட்டுத் திரும்பிப் போனது. பிஸ்கட் மட்டும் என் கணவருடைய கையிலிருந்து வாங்கியது, அதையும் அவர் போன பிறகு கீழே வைத்தது.

வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனோம். இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "டொக்டர், தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கு. சாப்பாடு எடுக்கிறதில்ல. வயிறு உப்பினாப்போல இருக்கு, கொஞ்சம் பாருங்க."

டொக்டர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "மிஸிஸ் நல்லாப் பயந்து போனா. இந்த வெயிலுக்கு மனுசரே தண்ணியிலதானே கிடக்கினம். வயசும் போகுதெல்லோ. ஒரு விற்றமின் ஊசி போட்டுவிடுறன், எழும்பி ஓடும்."

கழுத்தில் ஊசி. பிறகு, ஊரில் அவருடைய தமையன் கிணறு இறைத்த கதை. வயிற்றை அவர் தொடவில்லை. நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது லேசு. டொக்டர் என்று பலகை போட்ட ஒருவரிடம் "கையை வைத்துப் பாருங்கள்" என்று சொல்லுகிற பழக்கம் எங்கள் ஒருவருக்கும் இல்லை. மனிதருக்குப் பார்க்கிற டொக்டரிடமே நாங்கள் அப்படிக் கேட்பதில்லை.

நாய் எழும்பி ஓடவில்லை. நான் தெஹிவளைக்குப் போவோம் என்றேன். அக்காவும் போனில் அதையேதான் சொன்னாள். "அந்த டொக்டர் நோனாகிட்ட தூக்கிட்டுப் போ. ஏசுனாலும் பாக்கிற மனுசி."

என் கணவர் தலையைச் சொறிந்தார். "டொக்டருக்குச் சொல்லாமப் போனா அவர் என்ன நினைப்பார்?"

"நாய் என்ன நினைக்கும்னு யோசிச்சீங்களா?"

அவர் விறாந்தைக்குப் போய் டொக்டருக்கு போன் எடுத்தார். வேறொருவரிடம் காட்டட்டுமா என்று கேட்க எடுத்த போன் அது. சம்பந்தம் பேசி முடித்த வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்க அனுமதி கேட்பதுபோல் தயங்கித் தயங்கிக் கேட்டார். டொக்டர் கோபிக்கவில்லை. எவ்வளவோ அன்பாகப் பேசினார். "சீச்சீ, அங்கயெல்லாம் ஏன் அலையிறியள். நான் வீட்டுக்கு வந்து பாக்கிறன். நாளைக்குப் பின்னேரம் வாறன்."

கணவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற டொக்டர். தெஹிவளை மனுசி வருவாளா?

அடுத்த நாள் பின்னேரம் நான் அலுவலகத்திலிருந்து நேரத்தோடு வந்தேன். கணவர் கடலை வடை வாங்கி வைத்திருந்தார். நாயை முன்னறைக்குத் தூக்கி வந்து பழைய பெட்ஷீற்றை விரித்துக் கிடத்தினோம். கேற்றில் வாகனம் நிற்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் விறாந்தையில் எட்டிப் பார்த்தார். டொக்டர் வரவில்லை. மறுநாள் வருவார் என்றார் கணவர். மறுநாளும் வரவில்லை. போன் எடுத்தால் பதில் இல்லை. டொக்டர் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் முழுக்க நாயின் வயிறு கல்லாகிக்கொண்டே வந்தது. தண்ணீர் குடிக்கவும் எழும்பவில்லை, நான் விரலால் நனைத்து வைத்தேன். கணவர் பக்கத்தில் நிலத்தில் இருந்து "குட் டோக், குட் டோக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாய் நிமிர்ந்த காதை மட்டும் கொஞ்சம் அசைத்தது.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பெட்ஷீற்றோடு தூக்கிக்கொண்டு லிஃப்டுக்கு நடந்தேன். அவர் பின்னால் ஓடி வந்து த்ரீவீலர் பிடித்தார். ஒழுங்கையால் ஏறிக் காலி வீதிக்குப் போவதுதான் கிட்டிய வழி. டிரைவர் அந்தப் பக்கம்தான் திருப்பினார். என் கணவர் அவருடைய தோளைத் தட்டினார்.

"மரீன் டிரைவால போங்கோ."

"அது சுத்து அய்யே" என்று சிங்களத்தில் அண்ணன் போட்டுச் சொன்னார் டிரைவர்.

"பரவாயில்லை, அதால போங்கோ."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒழுங்கையின் மேலே அந்தக் கிளினிக் இருக்கிறது. டொக்டர் வாசலில் நின்றால் எங்களைக் காண்பார். நாயைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போவதைக் காண்பார். சாகக் கிடக்கிற நாயை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அதை யோசித்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கடற்கரையோரம் போகிற அந்த மரீன் டிரைவ் முழுக்கப் பிள்ளைகளை ஏற்றிய வான்கள். ஒரு இடத்தில் கொஞ்சமும் அசையாமல் நின்றோம். பக்கத்தில் கல்கிசைக்குப் போகிற ரயில் எங்களைக் கடந்து போனது. எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. அதே நேரம் அவர் தன் சட்டையின் நுனியால் நாயின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதையும் நான் பார்த்தேன்.

தெஹிவளையில் வாங்கு நிறைந்திருந்தது. டொக்டர் கதவைத் திறந்து அடுத்தவரைக் கூப்பிட வந்தவர், என் கையிலிருந்ததைக் கண்டு, வரிசையில் இருந்தவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் எங்களை உள்ளே இழுத்தார். இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. நாயை மேசையில் கிடத்தினார். உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பார்த்தார், ஈறு வெளிறிப்போயிருந்தது. வாலைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றில் கையை வைத்தவர் உடனே எடுத்துக்கொண்டார்.

"கடைசியாக எப்போது ஹீட்டில் இருந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

பெட்டை நாய்க்கு இரத்தம் படுகிற பருவம், அது எனக்குப் பதில் தெரிந்த கேள்விதான். இரண்டு மாதம் இருக்கும் என்றேன். இதை வேறு யாரும் எங்களிடம் கேட்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஸ்கான் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து வயிற்றில் வைத்துப் பார்த்தார். கர்ப்பப்பை முழுக்கச் சீழ் என்றார். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டியிருக்கிறது, தண்ணீர்த் தாகம் அதனால்தான். வெட்டி எடுக்க வேண்டும். தாங்குமா என்று தெரியாது, தாங்காது என்றுதான் நினைக்கிறேன், செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும். செய்யவா வேண்டாமா என்று இப்போதே சொல்லுங்கள் என்றார். செய்யுங்கள் என்றோம்.

கையுறையைப் போட்டுக்கொண்டே, "இதுவரை யார் பார்த்தது?" என்று கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். "ஒரு டொக்டர்" என்றார் அவர். பெயரைச் சொல்லவில்லை. அங்கேயும், அப்போதும், காட்டிக்கொடுக்கவில்லை.

"பெலுவத?" என்று கேட்டார் டொக்டர். பார்த்தாரா என்று.

பார்க்கவில்லை, கதைத்தார் என்பதுதான் பதில். அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் போதும், வாய்தான் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. நாயின் தலையைத் தடவி "ஹொந்த கெல்ல" என்று சொல்லிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார்.

ஓப்பரேஷன் முடிந்து அது கண் திறந்தது. என் கணவர் "கம்" என்று சொன்னபோது வால் நுனி அசைந்ததாக அவர் சொல்கிறார். நான் காணவில்லை. மறுநாள் காலையில் டொக்டரே போன் எடுத்தார். எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சிங்களத்தில் பேசினார். போய்விட்டது, என்னால் ஆனதைச் செய்தேன் என்றார். முன்பே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். மூன்று நாட்களுக்கு முன் என்றால் அநேகமாகப் பிழைத்திருக்கும் என்றார். யாராக இருந்தாலும் அந்த நேரம் ஒரு பொய் சொல்லியிருப்பார்கள். அந்தப் பொய்யைத் தராததற்காக நான் அவரை அன்றைக்கு முழுக்க வெறுத்தேன். இன்றைக்கு யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு நல்ல டொக்டர் யார் என்று கேட்டால், அவரைத்தான் சொல்கிறேன். அவர்கள் கேட்கிற அடுத்த கேள்வி, "தமிழ் தெரியுமோ?" என்பது. தெரியாது, நாய்க்கும் தெரியாது என்பேன்.

பிளட்டில் இருப்பவர்களுக்கு நாயைப் புதைக்க மண் கிடையாது. கொட்டாஞ்சேனைக்குத்தான் கொண்டுபோனோம். அக்கா வீட்டுப் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கணவரே குழி கிண்டினார். அக்கா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தினாள். அந்த லொறி நின்ற இடம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் கழிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெல் அடித்தது. வாசலில் வெள்ளவத்தை டொக்டர் நின்றார். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. கையில் பழைய மாணவர் சங்க இராப்போசனத்துக்கான அழைப்பிதழ். அன்றைக்கு வருகிறேன் என்று சொல்லி வராத வீட்டுக்கு, இப்போது வந்திருந்தார்.

என் கணவர் "வாங்கோ டொக்டர், வாங்கோ" என்றார். கதிரையை இழுத்துப் போட்டார். நான் தேத்தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வீட்டுக்கு வந்த யாரும் ஒன்றும் குடிக்காமல் போனதில்லை. டொக்டர் ஊதிக் குடித்தார். பிரதம விருந்தினர் யார், ஊரில் மழை எப்படி என்றெல்லாம் சொன்னார். கணவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பிறகு டொக்டர் ஏதோ குறைவதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க ஆள்? சத்தத்தைக் காணேல்லை."

"அது போயிட்டுது டொக்டர்" என்றார் கணவர்.

"அடடா." கோப்பையைக் கீழே வைத்தார். உண்மையாகவே கவலைப்பட்டார், அதை நான் மறுக்க மாட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: "நல்ல கடுவன். எவ்வளவு அமைதியா நிக்கும்."

கடுவன். ஆண் நாய்.

எத்தனை வருடம், எத்தனை ஊசி. என் கணவருடைய முழங்காலுக்கு நடுவில் நின்ற நாயை ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். கர்ப்பப்பையில் சீழ் கட்டிச் செத்த நாயை, அவர் கடுவன் என்றே நினைத்திருக்கிறார். ஹீட்டைப் பற்றி ஏன் கேட்கவில்லை, வயிற்றை ஏன் தொடவில்லை என்று நான் நித்திரையில்லாமல் புரண்டு யோசித்ததெல்லாம் வீண். கேட்க அவருக்குக் காரணமே இருக்கவில்லை.

"பெட்டை, டொக்டர்" என்றேன். "கர்ப்பப்பையிலதான் வருத்தம். அதுலதான் செத்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் இருப்பதை முதல் தடவையாகக் கண்டவர்போல் பார்த்தார். "ஓ… ஓம் ஓம், பெட்டைதான்" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "வயசும் போட்டுதெல்லே" என்று மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாடை இறுகியிருந்தது. இனி இவர் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். எங்கள் கல்யாணத்திலிருந்து நான் அவ்வளவு ஆவலாக எதற்கும் காத்திருந்ததில்லை.

டொக்டர் எழும்பினார். கணவரும் எழும்பினார். லிஃப்ட் வரை போய் வழியனுப்புவது அவருடைய வழக்கம், அன்றைக்கும் போனார். நான் கதவடியில் நின்றேன். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. டொக்டர் உள்ளே ஏறித் திரும்பி நின்று, என் கணவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கவலைப்படாதேங்கோ. அடுத்ததை எடுத்தா என்னட்டைக் கொண்டாங்கோ."

என் கணவர் தலையாட்டினார். "ஓம் டொக்டர்" என்றார். "பின்ன வேற ஆரிட்டைப் போறது."

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் வந்து தட்டினார். பிறகு என் பெயரைச் சொல்லித் தட்டினார். நான் டொக்டர் குடித்த கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.